முதலில் வந்தவர் எழ வேண்டும்

இவலோ,
1994 ஜூன் 12, ஞாயிறு

அன்புள்ள ஒனெர்வாவுக்கு,

நான் சுகம். கொசுக்கள் என்னைவிடச் சுகம். நீ நன்றாக இருப்பதாக நம் ஐலா ஹெல்சிங்கியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். உன் அக்கா வீட்டில் உனக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்திருக்கிறதாம். நல்லது. "அம்மாவுக்கு நீங்க ஒரு கடுதாசி போடுங்கப்பா, செத்தா போயிடுவீங்க" என்றும் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு என் பஸ்ஸிலேயே ஏற்றி ரொவனியெமி வரை நான்தான் கொண்டுபோவேன். தபால் பஸ் ஓட்டுகிறவனுக்கு இருக்கும் ஒரே சலுகை அது. ஆனால் மூட்டைக்கு முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் எடுக்க முடியாது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

இன்று ரௌத்துபா மலைக்குப் போய்வந்தேன். காலையில் கிளம்பினேன் என்று பெயருக்குச் சொல்கிறேன். இந்த மாதத்தில் காலை எது மாலை எது என்று மலைக்குத் தெரிவதில்லை. சூரியன் வானத்தின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடக்கிறது, உட்காருவதே இல்லை. பிர்ச் மரங்களில் இலை இப்போதுதான் எலிக்காது அளவுக்கு வந்திருக்கிறது. மேலே பள்ளங்களில் இன்னும் பனி கிடக்கிறது. அது உருகி, கண்ணுக்குத் தெரியாமல் பாசிக்கு அடியில் ஓடுகிற சத்தம் வழி முழுக்கக் கூடவே வந்தது. ஒரு கட்டத்தில் நடக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. பாசி மேல் படுத்துக் கண்ணை மூடினேன். இமைக்கு உள்ளேயும் வெளிச்சம். விழித்தபோது ஒரு பனிமான் தன் குட்டியோடு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்பது அதற்குத்தான் தெரியும்.

திரும்பும் வழியில் உனக்குப் பிடித்த பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு வெண்ணெய் தடவி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு பங்கையும் நானே தின்றேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை நீ வந்தால் ரௌத்துபாவுக்குப் போகலாம். காலையில் போய் மாலையில் திரும்பும் நடைதான். ராத்தங்கல் கிடையாது. வீடு நீ விட்டுப் போனபடியே இருக்கிறது.

உன்,
தைஸ்தோ


ஓலு,
1994 ஜூன் 27

அன்புள்ள தைஸ்தோ,

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. 'பால் தீர்ந்துவிட்டது' என்று மேசையில் எழுதி வைத்ததெல்லாம் கணக்கில் வராது. கவரைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஹில்க்கா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டாள்.

அவளும் படித்தாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் வீட்டில் இருந்துகொண்டு அவளிடம் மறைக்க முடியாது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "மலை எப்படி இருக்குன்னு எழுதியிருக்கான். மான் எப்படி இருக்குன்னு எழுதியிருக்கான். நீ எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலியேடி" என்றாள். நானும் திரும்பத் தேடிப் பார்த்தேன். உண்மைதான். முழுக் கடிதத்திலும் ஒரு கேள்வி கிடையாது. என்னைக் கூப்பிடுவதுகூட வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. நீ வந்தால் போகலாம். காற்று வடக்கிலிருந்து வீசக்கூடும்.

நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இருமல் போய்விட்டது. நவம்பரிலிருந்து இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தற்காலிகமாக வேலை பார்க்கிறேன். பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டும்போது ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இப்போது வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் நான் ஓலுக்காரி ஆகிவிடுவேன், திரும்பி வருகிற பேச்சு இல்லை. இதை உன்னிடம் ஒளிக்க விரும்பவில்லை.

ரௌத்துபா போகிற வழியில்தானே குக்கெலிக் குடில் இருக்கிறது? அதன் வாசல் வழியாகத்தான் நீ போயிருப்பாய். பனியைப் பற்றி எழுதினாய், எலிக்காது பற்றி எழுதினாய், குடிலைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதுகிறேன். போன ஆகஸ்டில் மழையில் மாட்டிக்கொண்டு அங்கே ஒதுங்கினோம். குடில் நிறைந்திருந்தது. நான் மூலைப் பலகையில் சுருண்டு படுத்திருந்தேன். நெற்றி கொதித்தது. அப்போது இரண்டு ஜெர்மன் பையன்கள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்கள். எல்லோரையும்விட முதலில் வந்தவர்கள் நாம். நீ அவர்களைப் பார்த்தாய், பையைத் தோளில் மாட்டினாய், என் பக்கம் திரும்பாமலே "எந்திரி, கிளம்பலாம்" என்றாய். யாரும் ஒதுங்கலாம் என்று திறந்தே கிடக்கிற காட்டுக் குடில்களில் கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் உரிமை. எனக்கும் தெரியும், நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான். எழுந்து கார் வரை அந்த மழையில் நடந்தேன். அப்புறம் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸிடம் நீ இந்தக் கதையைச் சொன்னாய். பெருமையாகச் சொன்னாய், தைஸ்தோ. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

உன் பஸ்ஸில் ஏற ஓடி வருகிற எவனுக்காகவும் நீ காத்திருப்பாய். உன் வீட்டில் யார் புதிதாக வந்தாலும் நல்ல நாற்காலி அவர்களுக்கு. எல்லோருக்கும் முன்னால் வந்தவள் நான். அதனால் எப்போதும் எழுந்திருக்க வேண்டியவளும் நானாகவே இருந்தேன்.

இன்னொன்று. அந்தப் பாறை எனக்குப் பிடித்த பாறை இல்லை. உனக்குப் பிடித்தது. எனக்கு அங்கே உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

ஒனெர்வா


இவலோ,
1994 ஜூலை 4

ஒனெர்வாவுக்கு,

உன் கடிதம் என் பஸ்ஸில்தான் வந்தது. ரொவனியெமியிலிருந்து அது எனக்குப் பின்னால் மூட்டைக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று அவ்வளவு பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். உனக்குக் காய்ச்சல் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஜெர்மன்காரர்களை நானே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். களைப்பில் படுத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நர்ஸிடம் பெருமைக்குச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவள் கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். என் குரலே அப்படித்தான்.

குடில் விஷயத்தில் நான் தப்பு செய்ததாக இப்போதும் நினைக்கவில்லை. முதலில் வந்தவன் உலர்ந்திருக்கிறான், கடைசியில் வந்தவன் நனைந்திருக்கிறான். அவ்வளவுதான் அந்தச் சட்டம். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் கல்யாணத்துக்கு முந்திய வருஷம், மந்தையை விட்டுப் போன மான்களைத் தேடிக் காட்டுக்குள் போனேன். எதிர்பாராமல் முதல் பனி கொட்டியது. இருட்டிய பிறகு தட்டுத்தடுமாறிக் குக்கெலிக் குடிலுக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. கதவை மூடவும் தெம்பில்லாமல் நின்றேன். ஒரு மனிதர் எழுந்தார், பையை எடுத்தார், என்னைத் தாண்டி வெளியே போனார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் படுத்திருந்த பலகை சூடாக இருந்தது. நான் அதில் தூங்கினேன். அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராவது நனைந்து வந்து வாசலில் நின்றால் என் கால் தானாக எழுந்துவிடுகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பஸ்ஸில் தினமும் வரும் லஹ்யா அம்மாள் வெள்ளிக்கிழமை முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் கேட்கும்படி, "ஓடி வர்றவங்களுக்கெல்லாம் வண்டிய நிறுத்துறான். பொண்டாட்டி போறப்ப மட்டும் ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டான் போல" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மறுபடி மலைக்குப் போனேன். மூடுபனி. மலை இடுப்பு வரை காணாமல் போய், உச்சி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. பலகைப் பாதையில் நடந்தபோது பின்னால் உன் காலடி கேட்டது. நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. பலகைதான், நான் மிதித்த பின் நிமிர்கிற சத்தம். தெரிந்த பிறகும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை எனக்கு ஓய்வு.

தைஸ்தோ


ஓலு,
1994 ஜூலை 11

அன்புள்ள தைஸ்தோ,

அந்த மனிதரைப் பற்றி நீ ஏன் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை? இத்தனை வருஷம் ஒரு சட்டப்புத்தகத்தோடு குடும்பம் நடத்தியதாக நினைத்திருந்தேனே.

ஆனால் காய்ச்சலை நான் ஏன் சொல்லவில்லை என்று எழுதினாய் பார், அதற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன். நீ அப்போது கதவைப் பார்த்து நின்றிருந்தாய். ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் முதுகிடம் போய், எனக்கு நெற்றி சுடுகிறது என்று சின்னக் குழந்தை மாதிரி நான் சொல்ல வேண்டுமா? ஒரு தடவை திரும்பி, ஒனெர்வா எப்படி இருக்கே என்று கேட்டிருந்தால் போதும். காய்ச்சலோடும் எழுந்து வந்திருப்பேன். மழை என்னை ஒன்றும் செய்யவில்லை. கேட்காமல் எழுப்பியதுதான் ஆறவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி வருகிறேன். ரயிலில் ரொவனியெமி வந்து வெள்ளிக்கிழமை உன் பஸ்ஸைப் பிடிக்கிறேன். டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் ஏறுவேன், வேண்டாம் என்று கையை ஆட்டாதே. இரவு ஐலாவின் பழைய அறையில் படுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மலை. ஞாயிறு திரும்பிவிடுவேன்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, நான் முன்னால் நடப்பேன். உன் முதுகைப் பார்த்தது போதும். இரண்டு, மழை வந்து குடிலில் ஒதுங்க நேர்ந்தால் நான் சொல்லும்வரை நீ எழக்கூடாது. யார் வந்தாலும் சரி.

ஹில்க்கா அக்கா கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புகிறாள். உனக்கு இல்லை, எனக்கு.

ஒனெர்வா


இவலோ,
1994 ஜூலை 15

ஒனெர்வாவுக்கு,

சரி. இரண்டுக்கும்.

காபியில் போட்டுத் தின்ன சுட்ட பாலாடைக்கட்டி வாங்கி வைத்துவிட்டேன்.

தைஸ்தோ


ஓலு,
1994 ஜூலை 27

அன்புள்ள தைஸ்தோ,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன, நான் இன்னும் அந்த மலையில் நடந்துகொண்டிருந்தேன்.

முன்னால் நடப்பது எவ்வளவு வேறு மாதிரி இருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? ரௌத்துபாவுக்கு நாற்பது தடவையாவது போயிருப்பேன். எதிரே யாரும் இல்லாமல் அதைப் பார்த்தது இல்லை. சதுப்பு முழுக்கப் பஞ்சுப்புல் வெள்ளையாக ஆடியது. ஓடையைக் கடக்க பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டபோது தண்ணீர் காலை அறுத்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. ஹிலாப் பழங்கள் பழுக்கத் தொடங்கி அங்கங்கே மஞ்சளாகத் தெரிந்தன. நீ ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டு வந்து என் தொப்பிக்குள் போட்டாய். உச்சியில் காற்று இல்லை. வடக்கே மலைக்குப் பின்னால் மலை, நீலத்துக்குப் பின்னால் நீலம், ரஷ்யா வரை. அங்கே உட்கார்ந்து பாலாடைக்கட்டியைக் காபியில் ஊறவைத்துத் தின்றபோது, இந்த நாள் முடியாது என்று ஒரு நினைப்பு வந்தது. இந்தச் சூரியன் மறையப்போவதில்லை, நாம் கீழே இறங்கவே வேண்டாம். பைத்தியக்கார நினைப்புத்தான். அந்த வாரத்தோடு சூரியன் மறுபடி மறையத் தொடங்கியிருந்தது, எனக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் மழை. அப்புறம் குடில்.

உனக்கு நடந்தது தெரியும். எனக்கு எப்படி இருந்தது என்று தெரியாது, அதை எழுதுகிறேன். நாம் போனபோது குடில் காலியாக இருந்தது. அப்புறம் தம்பெரேயிலிருந்து வந்த அந்த மாணவர் கூட்டம் வந்து நிறைத்துவிட்டது. அதற்கும் அப்புறம்தான் அந்தப் பெண்மணி வந்தாள். தனியாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் வடிய. யாரிடமும் இடம் கேட்காமல் வாசலிலேயே நின்றாள். மாணவர்கள் எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் வந்தவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியும்.

நீ எழவில்லை.

உன் முழங்கால் ஆடியது. காதெல்லாம் சிவந்துவிட்டது. பெரிய மனிதன் ஒருவன், எல்லோர் எதிரிலும், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முதலில் எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அனுபவிக்கட்டும் என்று இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் தாங்க முடியவில்லை. உனக்கு இடம் விட்டு எழுந்து போன அந்த மனிதரை நான் நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்ட மாதிரி இருந்தது. சரி, போகலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஒனெர்வா, உனக்குக் குளிருதா?"

"இல்ல" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நாம கிளம்பலாமா?"

கிளம்பலாம் என்றேன். அந்தப் பெண்மணிக்கு என் இடத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கார் வரை மழை விடவில்லை. போன வருஷம் நடந்த அதே வழி. இந்தத் தடவை நீ பின்னால் வந்தாய், நான் அழுதது உனக்குத் தெரிந்திருக்காது. சந்தோஷத்தில் அழுதேன். இன்னொன்றுக்காகவும் அழுதேன். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தைஸ்தோ. வேலைக்கு. உன் பஸ்ஸில் ஏறுவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமையே. மலைக்குப் போகிற நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். யாராவது வருவார்கள், நீ எழுந்துவிடுவாய், நான் நிம்மதியாகத் திரும்பிவிடலாம். உன்னிடம் விடைபெறத்தான் வந்தேன். மலை மேல் சொல்லியிருக்கலாம், அந்த நாளைக் கெடுக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ரொவனியெமி வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அப்போதும் வாய் வரவில்லை.

போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறப் போவதில்லை. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஜன்னலும் பிடித்திருக்கிறது. உன்மேல் கோபம் துளியும் இல்லை, அது அந்த மழையோடு போயிற்று. கோபம் போன பிறகு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. ரொட்டிக்கு ஒருவருக்கு மட்டும் வெண்ணெய் தடவு.

ஒனெர்வா


இவலோ,
1994 ஆகஸ்ட் 2

என் அன்பு ஒனெர்வாவுக்கு,

கடிதம் வந்தது. இந்தத் தடவை மூட்டைக்கு முத்திரை வைப்பதற்கு முன்பே ரொவனியெமி தபால்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி வழியிலேயே படித்தேன், அதனால் இவலோவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தோம். லஹ்யா அம்மாள் மட்டும் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "டயர் பஞ்சர், சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டாள்.

நீ செய்தது சரி. வலிக்கிறது, ஆனாலும் சரி. நான் எழுந்து போவேன் என்று நீ நினைத்ததில் தப்பில்லை. பத்துத் தடவையில் ஒன்பது தடவை எழுந்திருப்பேன். அன்று குடிலில் உன்னிடம் கேட்டபோது, நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. குளிருகிறது என்று சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்திருப்பாள், நான் அவமானத்தில் செத்திருப்பேன், ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். கேட்பது என்றால் இதுதான் போலிருக்கிறது. என்ன பதில் வரும் என்று தெரியாமல் நிற்பது. எனக்கு இது புதுசு. பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி எங்கேயாவது இடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்.

கேட்கிறேன்.

உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது? ஆற்றுப் பக்கமா, தெருப் பக்கமா? அவ்வளவு பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டினால் தோள் வலிக்காதா? சமையலறையில் உன்னோடு பேசிச் சிரிக்க ஆள் இருக்கிறார்களா? இருமல் முழுசாக விட்டுவிட்டதா, இல்லை ஐலா கேட்டால் சொல்வதற்காகச் சொன்னாயா? அந்தப் பாறை இல்லையென்றால் ரௌத்துபாவில் உனக்குப் பிடித்த இடம் எது? அன்று உச்சியில் இறங்கவே வேண்டாம் என்று நீ நினைத்தபோது நானும் பக்கத்தில்தானே இருந்தேன், நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஹில்க்கா என்னை இன்னும் திட்டுகிறாளா? கடலோரமாக நடக்க அங்கே வழி இருக்கிறதா? ஒரு நாள் முழுக்க நடக்கிற அளவுக்கு நீளமா?

ஓலுவுக்கு வந்து இருந்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. நீ திரும்பி வா என்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் இப்போது கேட்டால் அதுவும் "எந்திரி, கிளம்பலாம்" மாதிரி ஆகிவிடும். செப்டம்பரில் எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நனைந்த உன் பூட்ஸை நீ இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். உள்ளே தாள் திணித்து அடுப்புக்கு மேலே வைத்தேன், நன்றாகக் காய்ந்துவிட்டது. கொழுப்பும் தடவிவிட்டேன்.

தபாலில் அனுப்பட்டுமா, நானே கொண்டு வரட்டுமா?

உன்,
தைஸ்தோ